வெயிலை எரிபொருளாக்கும் உலோகங்கள்

கடலூர் மாவட்டத்தில் எரிபொருள் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது நெய்வேலிதான். அங்கே மண்ணுக்கடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் செழித்திருந்த காடுகளின் மிச்சம். அந்தக் காடுகள் தங்கள் இலைகளில் வெயிலை வாங்கி, நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு கட்டிவைத்த கரிமப் பொருள்களைத்தான் இன்று அனல்மின் நிலையக் கொதிகலன்களில் எரிக்கிறோம். இலை செய்த அந்த வேலையை இலையின் துணையில்லாமல், நமக்கு வேண்டிய எரிபொருளே கிடைக்கும்படி, அன்றைய வெயிலைக் கொண்டு அன்றைக்கே செய்து முடிக்க இயலுமா என்று ஆராயும் துறையைச் சூரிய எரிபொருள் ஆய்வு என்கிறார்கள். அந்த வேலையின் கடினமான பகுதி உலோகங்களால் ஆன வினையூக்கிகளிடம் இருக்கிறது. அவை என்ன செய்கின்றன, ஏன் உலோகங்களாகவே இருக்கின்றன என்பதை வேதியியலைப் பள்ளியோடு விட்டவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

மொட்டைமாடியில் சூரியத் தகடு பொருத்தினாலே மின்சாரம் கிடைக்கிறதே, பிறகு எரிபொருள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வீட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் மின்சாரமும் பேட்டரியும் போதும். ஆனால் உரத்துக்கான அம்மோனியாவைச் செய்யவும், இரும்புத் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கவும், கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் கப்பலை ஓட்டவும் மின்சாரத்தால் மட்டும் ஆகாது. அவற்றுக்கு ஹைட்ரஜனோ, ஹைட்ரஜனிலிருந்து பெற்ற வேறு எரிபொருளோ வேண்டும். இன்று அந்த ஹைட்ரஜனின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது.

ஹைட்ரஜனுக்கு மிகத் தூய்மையான மூலம் நீர். அதைப் பிளக்க, ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் குறைந்தது 1.23 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் தர வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒவ்வொரு துகளிலும் ஏறத்தாழ 1.7 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் வெயிலே போதும். ஆனால் புதுச்சேரியின் ஊசுடு ஏரி மீது நாள் முழுதும் வெயில் அடித்தாலும் நீர் ஆவியாகிறதே தவிரப் பிளவதில்லை. காரணம் இரண்டு. நீர் ஒளி ஊடுருவும் பொருள் என்பதால் கண்ணுறு ஒளியை அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதே இல்லை. இது முதல் காரணம். இதைத் தீர்ப்பது ஓரளவு எளிது: ஒளியை உறிஞ்சும் குறைகடத்தி (சூரியத் தகட்டில் இருக்கும் சிலிக்கன் போன்ற பொருள்) ஒன்றை நீருக்குள் வைத்தால், ஒளித்துகள் விழும்போது அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் மேல் ஆற்றல் நிலைக்குப் போகும், அது விட்டுச்சென்ற இடத்தில் ஒரு நேர்மின் வெற்றிடம் உண்டாகும்.

இரண்டாம் காரணம்தான் உண்மையான தலைவலி. இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறாக மாற வேண்டுமானால் அவை மொத்தம் நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் இழக்க வேண்டும். கூடவே இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களுக்கு இடையே புதிய பிணைப்பு ஒன்றும் உருவாக வேண்டும். வெயிலோ ஒரு துகளுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கில்தான் தருகிறது. முதல் எலக்ட்ரான் போன பிறகு இரண்டாவது ஒளித்துகள் வரும்வரை, பாதி பிளந்த நிலையில் இருக்கும் நீரை யாராவது தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க ஆளில்லாவிட்டால் மேலே போன எலக்ட்ரான் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், வெயில் வெறும் வெப்பமாகிப் போகும். தாங்கிப் பிடிக்கும் இந்த வேலையைச் செய்வதுதான் வினையூக்கி.

வினையூக்கியை நேரில் பார்க்க வேண்டுமானால் பள்ளி ஆய்வகத்தில் மாங்கனீசு டை ஆக்சைடு என்ற கறுப்புத் தூள் இருக்கும். புண்ணைக் கழுவ மருந்துக் கடையில் வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சோதனைக் குழாயில் ஊற்றி வைத்தால் அது பாட்டுக்கு இருக்கும். அதில் அந்தத் தூளை ஒரு சிட்டிகை போட்ட கணமே நுரைத்துப் பொங்கி வரும். பொங்குவது ஆக்ஸிஜன். தணலோடு இருக்கும் ஊதுவத்தியைக் குழாயின் வாயருகே நீட்டினால் அது பளிச்சென்று சுடர்விடும். நுரை அடங்கிய பிறகு வடிகட்டி எடுத்தால் போட்ட தூள் அப்படியே திரும்பக் கிடைக்கும். பெராக்சைடு எப்படியும் ஒருநாள் தானாகச் சிதையக்கூடியதுதான். தூள் அதை விரைவுபடுத்தியது, அவ்வளவே. நடக்க இயலாத வினையை எந்த வினையூக்கியாலும் நடத்த முடியாது. நீரைப் பிளக்கத் தேவையான ஆற்றலை வெயில்தான் தர வேண்டும். அந்த ஆற்றலுக்கு மேல் வீணாகும் கூடுதல் செலவைக் குறைப்பது மட்டுமே வினையூக்கியின் பொறுப்பு.

ஏன் உலோகம் என்பதற்கும் அதே ஆய்வகத்தில் விடை உண்டு. மேல்நிலை வகுப்பில் பருமனறி பகுப்பாய்வு செய்தவர்கள், பியூரெட்டிலிருந்து சொட்டும் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல் குடுவைக்குள் விழுந்த மறுகணமே நிறம் இழப்பதையும், இறுதிச் சொட்டில் வெளிர் ரோஜா நிறம் நிலைத்து நிற்பதையும் பார்த்திருப்பார்கள். அங்கே நடப்பது, +7 நிலையில், அதாவது ஏழு எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கிடப்படும் நிலையில், இருந்த மாங்கனீசு ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு +2 நிலைக்கு இறங்குவது. நாம் மேலே பார்த்த கறுப்புத் தூளில் அதே மாங்கனீசு +4 நிலையில் இருக்கிறது. சோடியமோ கால்சியமோ இப்படி இல்லை; எலக்ட்ரானை இழந்து ஒரே நிலையில் நின்றுவிடுகின்றன. தனிம வரிசை அட்டவணையின் நடுப்பகுதியில் இருக்கும் மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு, ருத்தேனியம், இரிடியம் போன்ற இடைநிலைத் தனிமங்களால் மட்டுமே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கவும் வாங்கவும், இடையில் சேர்த்து வைத்துக்கொள்ளவும் முடிகிறது. வெயில் ஒவ்வொன்றாகத் தருவதை நீர் நான்காகக் கேட்கிறது என்ற முரணை இந்தக் குணம்தான் தீர்க்கிறது.

இலையும் இதே வழியைத்தான் கையாள்கிறது. ஹைடிரில்லாக் கொடியைப் புனலால் மூடி, அதன்மேல் நீர் நிரப்பிய சோதனைக் குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைக்கும் பாடநூல் சோதனையில், குழாயின் உச்சியில் சேரும் ஒவ்வொரு குமிழும் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் ஐந்து ஆக்ஸிஜன் அணுக்களும் சேர்ந்த ஒரு சிறு கொத்திலிருந்து வருகிறது. பசுங்கணிகத்துக்குள் இருக்கும் அந்தக் கொத்தின் வடிவத்தை, அணுக்களைத் தனித்தனியே இனங்காணும் அளவுக்குத் துல்லியமாக, ஜப்பானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அது எப்படி எண்ணுகிறது என்பது தெரிந்துவிட்டது. இருளில் வைத்த பசுங்கணிகங்களின் மீது மிகச் சுருக்கமான ஒளிவீச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சியபோது, ஆக்ஸிஜன் ஒவ்வொரு வீச்சுக்கும் வரவில்லை. மூன்றாவது வீச்சில் மிகுதியாக வந்தது, பிறகு ஏழாவதில், பிறகு பதினொன்றாவதில். நான்கு எலக்ட்ரான் சேரும்வரை அந்தக் கொத்து காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெஸ்ஸல் காக் என்ற ஆய்வாளர் 1970இல் இதை ஐந்து நிலைகள் கொண்ட சுழற்சியாக விளக்கினார். பிச்சாவரத்தின் சுரபுன்னை இலையானாலும் பண்ருட்டியின் பலா இலையானாலும் சுழற்சி அதேதான். இயற்கையில் விலை குறைந்த, எங்கும் கிடைக்கிற உலோகம் ஒன்றே இதைச் செய்கிறது என்பது இந்தத் துறையில் உழைப்பவர்களுக்குப் பெரிய நம்பிக்கை. எனக்கும்தான்.

மனிதர் செய்த கருவிகளில் நிலைமை இன்னும் அவ்வளவு நன்றாக இல்லை. 1.23 வோல்ட்டில் பிளக்க வேண்டிய நீரை, மின்சாரம் பாய்ச்சி அதைப் பிளக்கும் தொழிற்சாலை மின்னாற்பகுப்புக் கலன்கள் நடைமுறையில் 1.8 வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்தில்தான் பிளக்கின்றன. இடைவெளி பெரும்பாலும் வெப்பமாக வீணாகிறது. அதில் பெரும்பங்கு ஆக்ஸிஜன் வெளிவரும் மின்முனையில். நல்ல வினையூக்கி என்றால் இந்த இடைவெளியைக் குறைப்பது என்றே பொருள்.

எந்த உலோகம் நன்றாகக் குறைக்கும் என்பதற்கு, 1912இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே ஒரு விதியைத் தந்துள்ளார். வினைபடு பொருளை வினையூக்கி மிக இறுக்கமாகவும் பிடிக்கக் கூடாது, மிகத் தளர்வாகவும் பிடிக்கக் கூடாது. கடலூர் பேருந்து நிலையத்தில் ஆளை ஏற்றிக்கொள்ளாமலே போகும் வண்டியும் பயனில்லை. ஏற்றிக்கொண்டபின் புதுச்சேரியில் இறங்க விடாமல் கதவைப் பூட்டிவைக்கும் வண்டியும் பயனில்லை. ஹைட்ரஜனைத் தங்கம் தளர்வாகப் பிடிக்கிறது, டங்ஸ்டன் இறுக்கமாகப் பிடிக்கிறது, பிளாட்டினம் ஏறக்குறைய மிகச் சரியாகப் பிடிக்கிறது. பிடிப்பின் வலிமையை ஒரு பக்கமும் வினையின் வேகத்தை மறுபக்கமும் வைத்து வரைந்தால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் கோடு கிடைக்கும். ஆய்வாளர்கள் அதை எரிமலை வரைபடம் என்பார்கள். ஆக்ஸிஜன் பக்கத்தில், அமிலச் சூழலையும் தாங்கி நின்று வேலை செய்வதில் இரிடியம் ஆக்சைடுக்கு நிகர் இன்றுவரை அரிது. ஆனால் உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் பத்து டன்னுக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் எடுக்கும்போது உடன் கிடைப்பது. ஒரு லாரியில் ஏற்றிவிடக்கூடிய உலோகத்தை நம்பி உலகத்தின் எரிபொருளைத் திட்டமிட முடியாது.

அதனால்தான் மலிவான உலோகங்களைத் தேடும் ஆய்வை இந்தத் துறையின் மையம் என்று கருதுகிறேன். அதில் ஒரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரக் கரைசலில் நிக்கல் ஹைட்ராக்சைடு ஆக்ஸிஜனை நன்றாக வெளியிடுகிறது என்பது நெடுங்காலமாக நம்பப்பட்டது. நாள்பட நாள்பட அதன் திறன் கூடுவதையும் கண்டு, நிக்கல் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்வதே காரணம் என்று எழுதினார்கள். இரும்பு கலந்தால் வேகம் கூடுகிறது என்பதை 1980களிலேயே சிலர் காட்டியிருந்தும் அது முழுதாக உறைக்கவில்லை. 2014இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரைசல் தயாரிக்கப் பயன்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலேயே இருக்கும் மிக நுண்ணிய அளவு இரும்பையும் ஒன்றுவிடாமல் நீக்கிப் பார்த்தார்கள். நிக்கலின் திறன் சரிந்தது. கடையில் வாங்கிய காரத்தில் மாசாக ஒளிந்திருந்த இரும்புதான் மெல்ல மெல்ல நிக்கலுக்குள் புகுந்து இத்தனை காலமும் வேலையை முன்னெடுத்திருக்கிறது. இன்று நிக்கல்-இரும்புக் கூட்டு, காரச் சூழலுக்கான மிகச் சிறந்த வினையூக்கிகளுள் ஒன்று. துருப்பிடிக்கும் சாதாரண இரும்பு, விலையுயர்ந்த இரிடியத்தோடு போட்டியிடுகிறது என்பது எனக்கு இன்னமும் வியப்பூட்டும் செய்தி.

ஹைட்ரஜன் பக்கத்தில் மாலிப்டினம் டைசல்ஃபைடு உண்டு. எந்திரங்களுக்கு இடும் கறுப்பு மசகுப் பொருளில் இருக்கும் அதே சேர்மம்தான். அதன் அகன்ற தட்டையான பரப்பு எந்த வினையும் செய்வதில்லை; ஓரங்களில் இருக்கும் அணுக்களே செய்கின்றன என்பதை டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்று 2007இல் நிறுவியது. ஓரத்தை அதிகமாக்கத் துகளைச் சிறிதாக்க வேண்டும் என்பது அதிலிருந்து தானாக வரும் முடிவு.

சரி, வெயிலையும் வினையூக்கியையும் எப்படி இணைப்பது? 1972இல் டோக்கியோவின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடுப் படிகத்தை ஒரு முனையாகவும் பிளாட்டினத்தை மறுமுனையாகவும் வைத்து ஒளியால் நீரைப் பிளந்து காட்டியதிலிருந்து இந்தத் துறை வேகம் பெற்றது. நம் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டுக்கு நிறம் தருவதும் டைட்டானியம் டை ஆக்சைடுதான். அதன் குறை, புற ஊதாக் கதிரை மட்டுமே அது உறிஞ்சுவது. வெயிலின் ஆற்றலில் புற ஊதா ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். பிறகு வந்தவர்களில் ஜப்பானின் கசுனாரி டோமென் குழுவினர், அலுமினியம் சிறிது கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தூளை எடுத்து, அதன் படிகத்தின் சில முகங்களில் ரோடியமும் குரோமியமும் சேர்ந்த வினையூக்கியையும் வேறு முகங்களில் கோபால்ட் வினையூக்கியையும் படியவைத்தார்கள். எலக்ட்ரான் ஒரு முகத்துக்கும் வெற்றிடம் மறு முகத்துக்கும் போய்ச் சேர்ந்ததால் அவை மீண்டும் சந்திக்கவே வாய்ப்பில்லாமல் போயிற்று. உறிஞ்சிய புற ஊதாத் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வரை பயன்பட்டன. அதே வகைத் தூளைப் பூசிய 100 சதுர மீட்டர் தகடுகளைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் இயக்கிய முடிவு 2021இல் வெளிவந்தது. வெயிலின் மொத்த ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76%.

இந்த எண்ணை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். கடலூர்ப் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் வெயில், சராசரியாக 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட் என்பதால், 0.76% திறனில் நாளொன்றுக்கு ஒரு கிலோ பெற ஏறத்தாழ 870 சதுர மீட்டர், அதாவது இருபத்தொரு சென்ட் நிலத்தைத் தகடுகளால் மூட வேண்டும். மாறாக, 20% திறனுள்ள சாதாரணச் சூரிய மின்தகட்டில் மின்சாரம் எடுத்து, அதைத் தனியே ஒரு மின்னாற்பகுப்புக் கலனுக்குக் கொடுத்தால், ஒரு கிலோவுக்கு 50 யூனிட் என்ற கணக்கில், ஒன்றேகால் சென்ட் போதும். ஆகவே தகடும் கலனும் தனித்தனியாக இருக்கும் ஏற்பாடே இன்றைக்கு நடைமுறைக்கு உகந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. தூள் வழியை விட்டுவிட வேண்டும் என்பதல்ல. கம்பியும் சிலிக்கனும் இல்லாத மலிவான தகடு என்பதால், அதன் திறன் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினாலே கணக்கு மாறத் தொடங்கும். எந்த வழியானாலும் வினையூக்கி இல்லாமல் நடக்காது.

கரியமில வாயுவையே எரிபொருளாக மாற்றுவது இன்னும் கடினம். கார்பன் மோனாக்சைடு பெற இரண்டு எலக்ட்ரான் போதும், மெத்தனாலுக்கு ஆறு, மீத்தேனுக்கு எட்டு, எத்திலீனுக்குப் பன்னிரண்டு. வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிடுகின்றன. வெள்ளீயம் ஃபார்மிக் அமிலத்தின் உப்பைத் தருகிறது. தனி உலோகங்களில் செம்பு ஒன்றுதான் மீத்தேன், எத்திலீன் வரை கணிசமாகக் கொண்டுபோகிறது என்பதை 1980களில் ஜப்பானின் யோஷியோ ஹோரி காட்டினார். செம்பின் சிக்கல், ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கலந்து தருவது. வேண்டியதை மட்டும் தரும் செம்பு மேற்பரப்பு கிடைத்துவிட்டால், நெய்வேலியின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் வாயுவுக்கும் ஒரு விலை உண்டாகும்.

ஆய்வுக்கூடச் செய்திகளில் பெரும்பாலும் சொல்லப்படாமல் போவது, வினையூக்கி எத்தனை நாள் உழைக்கும் என்பது. சில மணி நேரம் சிறப்பாக ஓடிய பொருளையும் சாதனை என்று எழுதுகிறார்கள். தொழிற்சாலைக் கலனோ பல்லாயிரம் மணி நேரம் ஓட வேண்டும். இலையும் வெயிலில் தேய்கிறது. மாங்கனீசுக் கொத்தைத் தாங்கும் புரதங்களில் ஒன்று கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பழுதாகிவிடும்; செடி அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேனியல் நொசெராவும் மேத்யூ கேனனும் 2008இல் வெளியிட்ட கோபால்ட்-பாஸ்பேட் வினையூக்கி இந்த வகையில் தனிச் சிறப்புடையது. கோபால்ட் உப்பும் பாஸ்பேட்டும் கரைந்த நடுநிலை நீரில் மின்சாரம் பாய்ச்சியதும் அது தானாகவே மின்முனைமேல் படிகிறது. வேலையின்போது கரைந்து போகும் கோபால்ட், பாஸ்பேட்டின் துணையால் மீண்டும் வந்து படிகிறது.

கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேசினால் கடல்நீரையே நேரடியாகப் பிளக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கடல்நீரில் உள்ள குளோரைடு குறுக்கே வருகிறது. ஆக்ஸிஜனுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36 வோல்ட் என்று எண்கள் அருகருகே இருக்கின்றன. குளோரினுக்கு இரண்டே எலக்ட்ரான் போதும் என்பதால் அதுவே முந்திக்கொள்கிறது. குளோரினைத் தள்ளி வைக்கும் வினையூக்கிகளை உருவாக்கும் முயற்சி நடக்கிறது. ஆனால் அதற்கு அவசரம் இல்லை என்பது என் கருத்து. சென்னைக்கு அருகே நெம்மேலியில் நடப்பதுபோல் கடல்நீரைக் குடிநீராக்க, ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேண்டிய ஒன்பது லிட்டர் நீருக்கு அது ஒரு யூனிட்டில் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. அதைப் பிளக்கவோ ஐம்பது யூனிட். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் என்று இலக்கு வைத்திருக்கிறது. நாடு முழுவதற்குமான அந்த அளவுக்குப் பிளக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 1.6 டி.எம்.சி., வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவைவிடச் சற்றே அதிகம். நீரைத் தூய்மைப்படுத்தும்போது கழிவதையும் குளிர்விக்கத் தேவைப்படுவதையும் சேர்த்தால் இது கூடும் என்றாலும், நாட்டின் கணக்கில் பெரிய அளவல்ல. ஒரே கடற்கரையில் பல ஆலைகள் வந்து அமைந்தால் மட்டும், நன்னீரை எடுத்துக்கொண்டு மிஞ்சும் அடர் உப்புநீரை எங்கே, எவ்வளவு ஆழத்தில் விடுவது என்பதைத் தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களோடு முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.